கழுவிய புழு

செட்டூபாலுக்குத் தெற்கே மணல்மேட்டில்
லியோனில்டியின் பைன் தோப்பு:
நூற்றுப் பதினேழு மரம்.
ஆகஸ்டில் ஒன்று சிவந்தது.
அடுத்த வாரம் பக்கத்து இரண்டும்.
உதிரவும் தெம்பில்லாமல்
ஊசியிலைகள் கிளையிலேயே தொங்கின.

அரிவாளால் ஒரு கொத்து கொத்தினாள்.
பிசின் வரவில்லை.
"சாவு விழுந்தும் யாரும் அழாத வீடு" என்றாள்.

நான் துளைப்பான் கொண்டுபோனேன்.
மரத்தூளை ராத்திரி முழுக்க ஊறவைத்தால்
காலையில் அடியில் நெளிகிறது நூற்புழு.
நூல் என்பதே அதிகம்,
நூலின் நிழல்.

காலில்லாத அது
வண்டின் மூச்சுக்குழலில் ஏறிக்கொள்ளும்.
வண்டு இளங்கிளையைக் கறும்பும்போது
கடிவாயில் இறங்கிவிடும்.
வண்டுக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும்,
அவ்வளவுதான்.

புழுவின் தோலிலோ வேறு கூட்டம்.
சீட்டெடுக்காமல் வந்தவன் சட்டையில்
சீட்டெடுக்காமல் வந்தவை.
தட்டில் தேய்த்து வைத்தேன்.
மூன்றாம் நாள் பதினோரு வெள்ளைப் புள்ளி,
இளஞ்சிவப்பில் ஒன்று.

"கொன்றது யார்?"
தொலைபேசியில் கேட்டாள், பின்னால் ரம்பச் சத்தம்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.
புழுக்களை மூன்று தடவை கழுவினேன்,
ஒரு கிருமி ஒட்டாமல்.
கடிபட்ட மரம் விஷம் சுரக்கும்;
அதே விஷத்தில் விட்டபோது
கழுவிய புழு துவண்டது,
கழுவாதது நீந்திப் போனது.
அன்று தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.
பிறகு நாற்றுகளில் விட்டேன்.
கழுவிய புழு விட்ட ஒன்பதில்
நான்கு வாடின.
நான்கு என்பது
ஆமும் இல்லை, இல்லையும் இல்லை.

ஏப்ரலுக்குள், வண்டுகள் துளைத்து வெளியேறுமுன்
எல்லாவற்றையும் வெட்டச் சொல்லி உத்தரவு.
வெட்டிய கட்டையில் காதை வைத்தாள்.
உள்ளே வண்டின் பிள்ளைகள்
அரைத்துக்கொண்டிருந்தன.
"பசி" என்றாள். திட்டவில்லை.

கடைசி லாரி போன அன்று
ஆய்வகத்துக்கு வந்தாள்,
கை கழுவாமல்.
"நூற்றுப் பதினேழையும் தொட்ட கை.
இதையும் வளர்த்துப் பார்."
அகன்ற தட்டில் உள்ளங்கையை அழுத்தினாள்,
பத்திரத்தில் ரேகை வைப்பதுபோல்.

மூன்றாம் நாள்
ஐந்து விரலும் வெள்ளையாய் முளைத்திருந்தன.
பெருவிரல் அடியில்
இளஞ்சிவப்பில் ஒன்று.

அதே ஜாதியா என்று சோதிக்கலாம்.
சோதிக்கவில்லை.
குளிர்பெட்டியில் இருக்கிறது அவள் கை.
மூடியில் எழுதியிருக்கிறேன்:
118.