டேப் ஒன்றிலிருந்து இரண்டுக்கு

முதலில் வொலியூமை அடிமட்டத்துக்குத் திருப்பவேண்டும்.
பிறகுதான் மெயின் சுவிட்ச்.
முதல்நாள் இது தெரியாமல்
'டொம்' என்று ஒரே ஒரு சத்தம்;
கீழ்வீட்டுத் திருமதி பெர்னாண்டோ
தும்புத்தடியால் என் காலடியை இடித்தாள்.

தேவராசன் லீவில் வந்தபோது
இரண்டு கம்பளிக்குள் சுற்றிக் கொண்டுவந்த அம்ப்ளிபயர்.
முகம் முழுக்க வெள்ளி, ஒன்பது குமிழ்.
புத்தகம் ஜப்பான் மொழியில்.
முதுகைத் திருப்பினால்
சிவப்பும் வெள்ளையுமாய்ப் பதினாறு ஓட்டை.
அவர் திரும்பிப் போகும்வரை
ஒன்றுக்குள்ளும் ஒன்றும் செருகப்படவில்லை.

முதலாம் குறுக்குத் தெருவில் வயர் விற்ற நளீம்
ஒரே மூச்சில் முடித்தான்:
"அவுட் எண்டா வாய், இன் எண்டா காது.
வாயைக் காதோட குடுங்க.
வாயை வாயோட குடுத்தா ஒண்டும் வராது."
சொல்லிவிட்டு
மிச்சக் காசை இரண்டுதரம் எண்ணினான்.

மொனிட்டர் சுவிட்ச் 'டேப்'பில் நின்றதால்
ரேடியோ வாய்திறக்கவில்லை, இரண்டு நாள்.
பழுதென்று நினைத்து அழுதேன்.
இதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

மாதம் ஒரு கசெற் பஹ்ரைனிலிருந்து வரும்.
அசல் எனக்கு.
பிரதி, கல்லடியில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு,
விமலதேவி மச்சாளுக்கு.

முன்பெல்லாம் கட்டிலில் இரண்டு ரெக்கோடரையும்
முகத்துக்கு முகம் வைத்து
மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன்.
அப்படியும் உள்ளே போய்விடும்
வெள்ளவத்தை ரயில், காகங்கள்,
பிரஷர் குக்கரின் மூன்றாவது விசில்.
சில இடங்களில் போஸ் பொத்தானை அமுக்குவேன்:
கடன்காரன் பெயர் வரும் இடம்,
'அக்காவுக்குச் சொல்லாதே' என்று அவரே சொல்லும் இடம்,
என் கழுத்தைப் பற்றி ஏதோ சொல்லும் இடம்.

இப்போது வயர்.
அறை உள்ளே வராது.
குக்கர் கத்தலாம், நான் இருமலாம்,
அவருடைய தொண்டையிலிருந்து நேரே நாடாவுக்கு.
வெட்டினால் தழும்பில்லை.

மச்சாள் எழுதியிருந்தா:
"சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கு.
தம்பி பக்கத்துக் கதிரையில இருந்து கதைக்கிறான்.
ஆனா பிள்ளை,
முந்தி ரயில் பாதியில அறுந்து
குக்கர் விசில் திடீரெண்டு கேட்கும்.
சரி, இதில எதையோ எடுத்திட்டாள் எண்டு விளங்கும்.
என்னெண்டு தெரியாட்டிலும்
எங்கெண்டு தெரியும்.
இப்ப எல்லாம் ஒரே நேர்கோடு.
இதைக் கேட்கப் பயமாக் கிடக்கு."

கடிதத்தை அம்ப்ளிபயருக்கு மேலே வைத்தேன்.
கீழிருந்து வந்த சூட்டில்
மெல்லச் சுருண்டது.

இன்று இந்த மாதக் கசெற்.
நேற்றே ஒருமுறை கேட்டு
எண்காட்டியைக் குறித்துவைத்தாயிற்று:
இருநூற்றுப் பதினாலிலிருந்து
இருநூற்று முப்பத்தொன்று வரை.
ஊசிகள் இரண்டும்
அவர் மூச்சுக்கு எழும்பி விழுகின்றன.
இருநூற்றுப் பன்னிரண்டு.
வொலியூமை அடிமட்டத்துக்குத் திருப்புகிறேன்
(அது வீட்டுக்கு மட்டும், பதிவைத் தொடாது;
திருமதி பெர்னாண்டோ தூங்கட்டும்).
பதின்மூன்று.
போஸில் இருந்த விரலை எடுத்து
பின்னால் கைவிட்டு
டேப் ஒன்றின் செருகிகளை உருவுகிறேன்.
சிவப்பு தொங்குகிறது.
வெள்ளையின் நுனியைப் பெருவிரலால் தொடுகிறேன்.

ர்ர்ர்ர்ர்ர்ர்

எனக்குக் கேட்கவில்லை.
இடப்பக்க ஊசி சிவப்புக்கு ஏறி
அங்கேயே நின்று நடுங்குகிறது.
சுவரிலிருந்த மின்சாரம்
என் உடம்பைச் சுற்றிக்கொண்டு
கல்லடிக்குப் போகிறது.
பதினேழு எண்.
கை உளைந்தது, எடுக்கவில்லை.

பிறகு செருகி,
குமிழைத் திருப்பினேன்.
அவர் மனாமாவில்
அறக்குளா மீன் விற்கும் விலையைப் பற்றிக்
கதைத்துக்கொண்டிருந்தார்.