விட்டுப்போன ப்

இந்த மாதம் ஏழு.
மூன்று, அஞ்சல்பெட்டியில் திணித்ததில்
முதுகு மடங்கிக் கிடந்தன.
இரண்டைக் கோப்பிக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்;
ஒன்றின் அட்டையில் மைலோ குவளையின் வட்டம்.
ஆறாவதில் கையெழுத்திட்டு
'விமர்சகப் பேராசானுக்கு' என்று எழுதியிருந்தது.
நான் சாங்கி சரக்கு முனையத்தில் எடை பார்ப்பவன்.
ஏழாவது, எதிர் புளோக்கிலிருந்து
நேராகவே வந்தது,
ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

ஒரு புத்தகத்துக்கு இருநூறு சொல்.
உட்லண்ட்ஸில் ஏறினால்
858-இல் எழுபது பக்கம் ஓடும்,
ஈசூனில் பள்ளிப் பிள்ளைகள் வந்து
முழங்கையை இடிக்கும்வரை.

'இருபத்தொரு நாளில் பங்குச்சந்தை':
பத்தொன்பதாம் நாள் அச்சாகவே இல்லை.
ஜெசிந்தா அமலதாஸின் சமையல் நூலில்
உப்பு: மாமியார் வராத நாளின் அளவு.
சிரித்ததில் நிறுத்தத்தைக் கோட்டைவிட்டேன்.
ஒரு துப்பறியும் நாவல்;
கொலைகாரன் யாரென்று பின்னட்டையே சொல்லிவிடுகிறது.
நூறு ஹைக்கூ, தொண்ணூற்றொன்றில் நிலா.
நிலோஃபருக்குப் பதினேழு வயது,
அவள் கதையில் செவ்வாய்க் கிரகத்திலும்
வீவக வீட்டுக்கு ஐந்தாண்டுக் காத்திருப்பு.
அந்தப் பெண் எழுதுவாள்.
இதை எழுதிவிட்டேன், சொல் மிச்சம் இருக்கிறது.

வாழைப்பழத்தை மட்டும் மேசையில் வைத்துவிட்டுச் சுற்றிவந்தேன்.

மரியசூசை.
போன ஆண்டு அவருடைய முதல் நாவலுக்கு
நான் எழுதியது:
'எழுத்து பிழைகள் மலிந்த பேய்க்கதை.
பேயைவிட அச்சு பயமுறுத்துகிறது.'
அந்த இரண்டாம் வரிக்காகத்
தேக்காவில் ஒருவர் முதுகில் தட்டினார்.
அன்று என் தேநீருக்கு நான் காசு கொடுக்கவில்லை.

பத்து நாளில்
அந்தப் பக்கமே கத்தரிக்கப்பட்டு உறையில் திரும்பி வந்தது.
எழுத்துக்கும் பிழைகளுக்கும் நடுவே
சிவப்பு மையில் ஒரு ப்.
திட்டு இல்லை, பெயர்கூட இல்லை.
புள்ளியை மட்டும்
கொஞ்சம் அழுத்தி வைத்திருந்தார்.

முந்நூறு படி. சிவகாசி அச்சு. சேமநிதிப் பணம்.
விற்றது நாற்பது,
மீதி கட்டிலுக்கடியில் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆனால் என்னை உறுத்தியது அதுவல்ல.
அறுபத்தோராம் பக்கத்தில் பேய் காணாமல் போயிருந்தது.
துறைமுகத்தில் முப்பத்தோராண்டு
பாரந்தூக்கியின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தவர்
மூன்று பக்கத்துக்குக் கதையை மறந்துவிட்டார்:
காற்றில் ஆடும் பெட்டியை
இழுத்து நிறுத்தப் பார்க்காதே.
அது போகிற பக்கமே நீயும் போ.
சரியாக அதன் தலைக்கு மேலே போய் நில்.
கயிறு தானாக நேராகும்.

அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு
இரண்டு நிறுத்தம் சும்மா வந்தேன்.
கீழே விழாத ஒரு பெரிய பெட்டி
பேருந்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.
இருநூறு சொல்லில் அதற்கு இடமில்லை
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
இடம் இருந்தது.
அங்கே என் கிண்டல் கால்நீட்டி உட்கார்ந்திருந்தது.

நேற்று வாசலில் நின்றவர்
பழத்தைப் பற்றித்தான் பேசினார்.
தம்பி மூவாரிலிருந்து கொண்டுவந்ததாம்,
இரண்டு நாளில் சாப்பிட்டுவிட வேண்டுமாம்.
புத்தகத்தைப் பழத்தின் அடியில் வைத்துக் கொடுத்தார்,
பொட்டலத்துக்குக் கிடைத்த காகிதம்போல.
நான் 'அந்த ப்...' என்று தொடங்கினேன்.
மின்தூக்கி வந்துவிட்டது என்றார்.
வந்திருக்கவில்லை.
படியில் இறங்கிப் போனார்.

இரண்டாம் நாவல். இதிலும் பேய்தான்.
நன்றிப் பக்கத்தில் அச்சகம், மனைவி, அந்தோணியார்,
கடைசியில்:
ஒற்றுப் பார்த்தவர், நானே.

இரவு பதினொன்றரை.
எதிர் புளோக்கில் ஒன்பதாவது மாடியில் விளக்கு எரிகிறது.
பன்னிரண்டாம் பக்கம், நான்காவது வரியில்
ஒரு க் இல்லை.
பார்த்தேன்.
ஒரு பழத்தை உரித்தேன்.
பதின்மூன்றாம் பக்கத்துக்குப் போனேன்.