நீக்கப்பட்ட சொல்

மேலவை விவாதத் தொகுதி, பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு.
பள்ளிப்பட்டு பஸ் நிலையத்து ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன்.

நிதிப் பகிர்வு பற்றி தேசம்மாள் பேசியது
பதினொரு பக்கம்.
கூட்டாட்சி, கரும்பு விலை, ரயில்வே மானியம்,
எல்லாவற்றுக்கும் மேசை தட்டியிருக்கிறார்கள்.
தட்டியதும் அச்சில் இருக்கிறது.

எங்கள் தரைப்பாலத்துக்கு மூன்று நிமிடம்.
பாலத்தில் பாதி எங்களுடையது, பாதி சித்தூர்க்காரர்களுடையது,
வெள்ளம் மட்டும் முழுசாக வருகிறது
என்று தொடங்குகிறார்.
குறுக்கீடு.
மணி.
குசத்தலை என்பதைத் தப்பாக அச்சடித்திருக்கிறார்கள்.

அப்புறம் ஐந்து புள்ளிகள்.
அவைக்குறிப்பிலிருந்து நீக்கம்.

அந்த இடத்தில் அவர் சொன்னது
கறிக்கடை முனிரத்தினத்துக்கும் மனப்பாடம்:
அமைச்சரே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஒருநாள் எங்கள் ஆற்றைத் தாண்டிப் பாருங்கள்,
அக்கரையில் நான் நிற்கிறேன்,
ரண்டி!

பாலத்துக்கு இருபுறமும்
அதற்கு 'வாங்க' என்றுதான் பொருள்.
கல்யாணப் பத்திரிகையில்கூடப் போடுவோம்.
தில்லியில் அது வசவாம்.

அன்று அவை அரைமணி நேரம் ஒத்திவைப்பு.
பாலத்துக்கு இவ்வளவு நேரம்
அதற்கு முன்னும் கிடைத்ததில்லை,
பின்னும்.

நகல் இரண்டு ரூபாய்.
ஆற்றின் பெயர் மங்கலாகத்தான் விழுந்திருக்கிறது.
புள்ளிகள் ஐந்தும் பளிச்சென்று.