இவருக்குப் பதில் இவர்

எண்பத்தேழு தை மாசம்.
கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
நான் பட்டியல் எழுத்தர், மணவாளன் பருவகாலக் காவலர்.
குவியலில் ஒரு நெல்லை எடுத்துக் கடிப்பேன்.
இடது புருவம் தன்னால் ஏறும்.
மூக்கை ஒரு தரம் உறிஞ்சிவிட்டு
"எனக்கென்னவோ ஈரமாத்தான் படுது" என்பேன்.
கருவி பதினாறு காட்டினாலும் அப்படித்தான்,
எதிரில் நிற்பவர் கை மடிக்குப் போகும்வரை.
அந்தக் காசில் மணவாளனும் டீ குடித்திருக்கிறான்.

தார்ப்பாய் போர்த்திய மூட்டைமேல் படுத்தபடி
அவன் காவல் காத்தது நெல்லை இல்லை
என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் படத்தில் கான்ஸ்டபிள்.
வெண்ணாற்றில் ஒதுங்கிய பிணத்தருகே குனிகிறான்.
புருவம் ஏறுகிறது, மூக்கு உறிஞ்சுகிறது,
"எனக்கென்னவோ ஈரமாத்தான் படுது."
நீடாமங்கலம் கொட்டகையில் விசில் அடங்கவில்லை.
குடையை மடியில் வைத்துக்கொண்டு நான்
என் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் டைட்டிலில் 'ஈரம்' மணவாளன்.
பெண் பார்க்கப் போன தரகர், கம்பவுண்டர்,
வில்லனின் கணக்குப்பிள்ளை, தப்பான வீட்டில் மணி அடித்த தபால்காரர்.
நூற்றுப் பதினேழு படம்.
அறை வாங்கியது முப்பத்தொன்பதில்.
எண்ணியிருக்கிறேன், எனக்கு வேறென்ன வேலை.
இரண்டு படத்தில் வசனமே இல்லை, சாணியில் விழுவதோடு சரி.
ஒன்றில் அழுதானாம்.
நீளம் என்று வெட்டிவிட்டார்களாம்.

படம் குறைந்ததும் சீரியல்.
இரவு ஏழரைக்கு மாமனார்.
அறுநூறு நாளும் அதே சோபா,
அதே என் புருவம்.

எனக்குத்தான் வாய் திறக்க வழியில்லை.
ரயிலில் சளி பிடித்து மூக்கை உறிஞ்சினால்
எதிர் சீட்டுப் பையன்,
"அம்மா, அந்த மாமா மாதிரியே பண்றாரு."
களத்தில் நெல்லைக் கையில் எடுத்ததுமே
வண்டியோடு வந்தவர்கள் சிரித்தார்கள்.
சிரிக்கிற ஆளிடம் எப்படிக் காசு கேட்பது?
கருவி சொன்னதை எழுதினேன், பதினெட்டு வருஷம்.
நேர்மையானவர் என்று மாலை போட்டு அனுப்பினார்கள்.
யார் தந்த பேர் அது என்று
மேடையில் நான் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் ஒரு இரவு
கதை நடுவே படம் நின்றது.
இவருக்குப் பதில் இவர்.
புது ஆள் சோபாவில் வந்து உட்கார்ந்தார்.
ஏற்றியது வலது புருவம்.
டிவியை அணைத்தேன்.

கூத்தாநல்லூரில் மகள் வீட்டில் இருந்தான்.
வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை.
என்னைத் தெரிந்தது.
கண்ணால் எதையோ கேட்டான்.
என்ன என்று புரியாமல்
மகள் வைத்த தட்டில் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன்.
புருவம் ஏறியது. மூக்கை உறிஞ்சினேன்.
"எனக்கென்னவோ ஈரமாத்தான் படுது."

அடுப்படியில் மகள் சிரித்தாள்.
அவன் சிரிக்கவில்லை.
இடது கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டினான்.
இரண்டு பிஸ்கட் என்று நினைத்து நீட்டினேன்.
தலையை ஆட்டி மறுத்தான்.
தன் மூக்கைத் தொட்டான்,
விரலை ஒன்று, இரண்டு என்று மடக்கினான்,
அப்புறம் உதட்டைத் தொட்டான்.

மூக்குக்கும் வசனத்துக்கும் நடுவே
இரண்டு எண்ண வேண்டுமாம்.
ஜனம் இத்தனை வருஷம் சிரித்தது
அந்த இரண்டுக்குள்தான்.
அது என்னிடம் எந்நாளும் இருந்ததில்லை,
அவன் சேர்த்தது.

மறுபடி செய்தேன்.
ஒன்று, இரண்டு.
இல்லை என்றான் கையால். அவசரப்படுகிறேனாம்.
தெருமுனையில் மன்னார்குடி பஸ் ஹாரன் அடித்தது.
அடுத்ததில் போய்க்கொள்ளலாம்.
தட்டில் இன்னும் மூன்று பிஸ்கட் இருந்தது.