பதினெட்டாவது குறி

வெள்ளை, சிவப்பு, வெள்ளை.
கையகலத்தில் மூன்று பட்டை.
பதினொரு வருஷமாக
ஸ்டுடெனா பள்ளத்தாக்கின் மரங்களில்
இதைத்தான் தீட்டி வருகிறேன்.
நடையர் சங்கத்தில் சம்பளம் கிடையாது.
வருஷத்துக்கு இரண்டு டப்பா பெயின்ட், ஒரு கம்பித் தூரிகை,
பேருந்துக் கட்டணம், அதுவும் ரசீது கொடுத்தால்.

இன்று என் டப்பாவில் இருப்பது
மரப்பட்டையின் சாம்பல் நிறம்.

ஆகஸ்ட் வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோனது.
பாலம் மட்டும் என்றால் திரும்பக் கட்டியிருப்பார்கள்.
ஆறு தனக்கென்று வேறு ஆறு கண்டுகொண்டது;
வாவ்ரினெட்ஸின் மேய்ச்சல் நிலத்தை நடுவே கிழித்து
பாதிப் புல்லை அக்கரைக்குத் தள்ளிவிட்டது.
இனிமேல் பாதை குன்றின் மேலே,
பீச் மரக்காட்டைச் சுற்றிக்கொண்டு,
நாற்பது நிமிடம் கூடுதலாக.
அலுவலகத்தில் வரைபடத்தின் மேல் பென்சில் பிடித்து
ஒருவர் முடிவு செய்தார். தப்பில்லை.
நானும்தான் தலையாட்டினேன்.

ஆனால் பழைய குறிகளை விட்டுவைக்கக் கூடாது.
யாராவது நம்பிவிடுவார்கள்.

ஜெல்மீரா சுரண்டுகிறாள், நான் பூசுகிறேன்.
முழங்கால் மாற்றியபின் அவள் குனிவதில்லை;
தாழ்ந்த குறிகள் எல்லாம் என் பங்கு.
மூன்றாவது, வேலியோரக் கல்லில்.
ஐந்தாவது, லார்ச் மரத்தில்: பட்டை வளர வளர
சிவப்புக் கோடு இழுபட்டு
பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.
"இதை நீ கோணலாகப் போட்டிருக்கிறாய்" என்றாள்.
மரம்தான் கோணியது என்றேன்.
எட்டாவதைத் தேடினோம். மரமே இல்லை.

மஞ்சள் கைகாட்டியைக் கழற்றினோம்:
பழைய ஆலை, 2 மணி 15 நிமிடம்.
யார் நடந்து அளந்த நேரம் இது என்று
இத்தனை காலமும் நான் கேட்டதேயில்லை.
"ராஸ்பெர்ரி பார்த்தும் நிற்காத ஒருத்தன்,"
திருகாணியைப் பல்லில் கவ்வியபடி அவள் சொன்னாள்,
"ஒன்றுக்குக்கூட ஒதுங்காதவன்."

பதிமூன்றாவதில்
ஈரத் தூரிகையோடு நிற்கையில்
அக்கரையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்,
இடுப்புவரை நனைந்து,
பூட்ஸைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு,
உதடு நீலம் பாரித்து. ஏப்ரல் தண்ணீர்,
நேற்றுவரை பனியாக இருந்தது.
"இதுதானே சிவப்புப் பாதை?"
என் தூரிகையைப் பார்த்தார்கள்.
மரத்தில் பாதிச் சிவப்பு மிச்சமிருந்தது.
"இரண்டு நிமிஷம் முன்புவரை" என்றேன்.
சிரிக்கவில்லை.
ஜெல்மீரா பேசாமல் தேநீர்க் குடுவையைத் திறந்தாள்.
கரையிலிருந்து அந்த மரம்வரை
அவர்களுடைய ஈரக் கால்கள்
புல்லில் ஒரு கோடு போட்டிருந்தன.
அதன்மேல் பூச என்னிடம் நிறம் இல்லை.

பதினெட்டாவது, ஆல்டர் மரத்தில்.
நான் முதன்முதலாகத் தீட்டியது அதுதான்.
அன்றைக்கு அது கரையில் நின்றது;
சாய்ந்துகொண்டு ரொட்டி தின்றிருக்கிறேன்.
இப்போது நடு ஆற்றில் நிற்கிறது.
அந்த இருவர் கடந்த இடம் அகலம், முழங்கால்மேல் கொஞ்சம்.
இங்கே தண்ணீர் ஒடுங்கி உறுமுகிறது,
மரத்தின் இருபுறமும் பிளந்து போகிறது.
வெள்ளை, சிவப்பு, வெள்ளை
எங்களையே பார்த்துக்கொண்டு.
கல்லெறியும் தூரம்தான்.
ஆள் போகும் தூரம் இல்லை.

ஜெல்மீரா படிவத்தை
உலோக முழங்காலின்மேல் விரித்து எழுதினாள்:
அழித்தவை, பதினாறு.
மரத்தோடு போனது, ஒன்று.
மீதம், ஒன்று.
காரணம் என்ற கட்டத்தின் மேல்
பேனா வெகுநேரம் நின்றது.
வாவ்ரினெட்ஸின் ஆடுகள் எங்கள் பக்கத்தில் வரிசையாக நின்று
அக்கரைப் புல்லைப் பார்த்துக் கத்தின.
"நில உரிமையாளர் அனுமதி மறுப்பு"
என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.
புதுப் பாதைக்கு இன்னும் குறி போடவில்லை;
பழையதில் நாங்களே ஒன்றும் விட்டுவைக்கவில்லை.
பொழுது மங்கி அடிமரங்கள் எல்லாம் ஒரே நிறமான நேரம்.
சாம்பல் பூசிய இடங்கள் மட்டும் காயாமல்
ஒவ்வொன்றாக மினுங்கின.
பதினேழு, பதினாறு, பதினைந்து,
தொட்டுத் தொட்டுத் திரும்பினோம்.
வீட்டில் சோப்புப் போட்டும் போகவில்லை.