அன்னத்தின் ஆறாவது இறகு

தேவசேனா கம்பைன்ஸின் அன்னத்தை
மூன்று நாளாக ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்க்கிறேன்.
வளசரவாக்கம், இரண்டாம் மாடி, ஏசி ஒழுகுகிறது.

அது வாத்து.
செங்குன்றத்திலிருந்து ரிக்‌ஷாவில் வந்திருக்கலாம்;
கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாக.
விளக்குச் சூட்டில் துள்ளாமலிருக்க
அட்டைத் தாமரைக்கு அடியிலிருந்து யாரோ பிடித்திருக்கிறார்கள்:
வால் ஓரத்தில் ஒரு கட்டைவிரல்.

கலர் வந்தபோது வரைந்தவர்
அதையும் இறகென்று எண்ணி ரோஸ் அடித்தார்.
சீரியல் காலத்தில் தங்கமாகிச் சுழன்றது,
தினமும் ஏழரைக்கு,
குக்கர் விசிலுக்கும் அழுகைக்கும் நடுவில்.
அப்புறம் அதிலிருந்து பொறி பறந்து
தியேட்டர் நாற்காலிகள் அதிர்ந்தன.

இப்போது பேரன் நிகிலேஷ்
வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார்:
"ஃபோன்ல பொட்டு சைஸ்ல தெரியணும்.
எல்லாத்தையும் எடுத்துடுங்க.
அந்த ஆறாவது இறகு மட்டும் இருக்கட்டும்,
அதான் நம்ம அடையாளம்."

பாலையும் நீரையும் பிரிக்கிற பறவையாம்.
பிரித்தேன்.
கழுத்து போயிற்று, தாமரை, அலை,
கடைசியாகக் கண்.
மிஞ்சிய ரோஸ் வளைவின் நுனியில்
யாரும் கேட்காத ஒரு நகம் வைத்து
அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது:
ஒரு கட்டைவிரல்.