பன்னிரண்டு முதல் நாலு வரை

கடலுக்குப் போகலாம் என்றது நான்தான்.
எல்பீடியோ ஒன்றும் சொல்லவில்லை.
எண்ணெய்க் கப்பலில் பத்து மாதம் கழித்து
இறங்கி வந்த ஆறாம் நாள் அது.
ரொட்டி சுடுகிறவனை ரொட்டி தின்னக் கூப்பிட்ட கதை என்று
அப்புறம்தான் எனக்கு உறைத்தது.
அதற்குள் குடிலுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது,
இரண்டு ராத்திரிக்கு மூவாயிரம் பெசோ.

இலோயிலோ துறையிலிருந்து கிமாராஸ் தீவுக்குக் கால் மணி நேரம்.
இருபுறமும் மூங்கில் கை விரித்த படகு.
சோற்றுப் பானை, ஐஸ் பெட்டி, உப்பு தடவிய மீன்.
மாம்பழத் தீவுக்கே
ஒரு கூடை மாம்பழம் சுமந்து வந்தாள்
நாத்தனார் ஃபெலிசித்தாஸ்.
இவர் மிதவை அங்கிகளை எண்ணினார்.
பிறகு எங்களை எண்ணினார்.
மறுபடி அங்கிகளை.
படகுக்காரன் சிரித்துவிட்டு
இஞ்சினைக் கயிறு போட்டு இழுத்தான்.

கரையில்
பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு
கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.
என்ன பார்க்கிறாய்?
மரத்தை.
மரத்தில் என்ன?
அசையாமல் நிற்கிறது.

பக்கத்துக் குடிலில் ஏதோ சர்க்கரை ஆலை ஆட்கள்,
மைக் பிடித்துப் பாடினார்கள்.
தொண்டை கிழிந்த ஒருவனுக்கு
இயந்திரம் தொண்ணூற்றெட்டு மார்க் போட்டது.
மூன்று வயது டொன்டொன்
டம்ளரில் மணல் அள்ளி வந்து அப்பாவிடம் நீட்டினான்.
குடித்தார்.
சந்தேகத்தோடு டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு
மறுபடி நிரப்பப் போனான்.
ஏழு டம்ளர்.

ராத்திரி விழித்தபோது பாய் காலி, கதவு திறந்து கிடந்தது.
அலை ஓரத்தில், கையைப் பின்னால் கட்டி நின்றிருந்தார்.
மணி பன்னிரண்டே கால்.
என்ன தெரிகிறது?
ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லை என்று பார்ப்பதுதான் வேலை, ரொசெண்டா.
நீ போய்த் தூங்கு. நாலு மணிக்கு வருகிறேன்.

தூங்கவில்லை. கணக்குப் போட்டேன்.
கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.
ஒரே கூரையில் இருந்தது முப்பத்தொரு மாதம்,
அதில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்பது நாள்,
அதில் ஒரு பிரசவத்துக்கு அவர் இல்லை.

மறுநாள் சாப்பாட்டில்
கிரிஸ்லின் கேட்டாள்: அப்பா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?
மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்:
மிதவை அங்கி இருந்தால்.
ஒன்பது வயதுக்காரிக்குச் சிரித்துச் சிரித்து
சோறு மூக்கில் ஏறிவிட்டது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பதினோரு வருஷம் கடலுக்கு மேலே.
கடலுக்குள்ளே ஒரு நாள் இல்லை.

சுட்டுவிரலைப் பிடித்து இழுத்துப் போனாள்.
முழங்கால், தொடை, இடுப்பு.
பிடரிக்குக் கீழே சின்னக் கையை வைத்து
உத்தரவு போட்டாள்:
காலை விடுங்கள். வயிற்றைத் தூக்குங்கள்.
வானத்தைப் பாருங்கள். பேசக் கூடாது.
முங்கினார். இருமினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு
கரையில் நின்ற என்னிடம் கத்தினார்:
உப்பாக இருக்கிறது!

நாலாவது தடவையோ ஐந்தாவதோ,
கையை எடுத்துவிட்டாள்.
அவருக்குத் தெரியவில்லை.
கால் விரல்கள் பத்தும் தண்ணீருக்கு மேலே,
ஊரிலிருந்து யாரோ வந்ததுபோல்
அவற்றையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.
அவள் வாய்க்குள் எண்ணினாள். பத்தொன்பது.
பாட்டுக்காரர்கள் மைக்கிலேயே கை தட்டினார்கள்,
எதற்கென்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

அன்று ராத்திரி முதுகெல்லாம் வெந்து
குப்புறப் படுத்துக் குறட்டை விட்டார்.
டொன்டொன் அவர் முழங்கால் மடிப்பில் தலை வைத்திருந்தான்.
பன்னிரண்டு மணிக்கு எனக்குத்தான் விழிப்பு வந்தது.
நாற்காலியைத் தென்னையிலிருந்து கடலுக்குத் திருப்பினேன்.
தூரத்தில் ஒரு விளக்கு,
நண்டு பிடிக்கிறவனாக இருக்கும்.
அது போன பிறகு ஒன்றும் இல்லை.
நாலு மணி வரை
ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.